எட்டாவது கிளிப்

அந்தச் சத்தம் மிகச் சின்னது. எவர்சில்வர் தட்டில் ஒரு ஊக்கு விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான். பாவாவின் கையிலிருந்த மூக்கு இடுக்கி நழுவியது. ‘டிங்’ என்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு ‘டிங்’. பிறகு ஒன்றுமில்லை.

நானும் அவரும் அசையாமல் நின்றோம். மூச்சு விட்டால்கூட அது இன்னும் தூரமாக உருண்டு போய்விடும் என்பது போல.

“எந்தப் பக்கம் போச்சி?” என்றார்.

“உங்க பக்கம் பாவா. தறி கிட்ட.”

“இல்லம்மா, உன் பக்கந்தான் கேட்டுச்சி.”

பாவா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் தெலுங்கு உறவுமுறை கலந்துதான் வரும். அப்பாவை நைனா என்றோம், அக்கா புருஷனை பாவா என்றோம். அவர் பெயர் முனிரத்தினம். திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கொட்டகை. நான்கு தறிகளில் இரண்டை விற்றுவிட்டு, காலியான இடத்தில்தான் எங்கள் காரை நிறுத்தியிருந்தோம். அதன் எஞ்சின் தனியாகக் கழன்று, ஒரு மரப்பலகை மேல், பாதி பிளந்த பலாப்பழம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பறந்து போனது ஒரு கிளிப். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை மட்டும் கம்பியாக வளைத்தது போல, ஒரு பக்கம் வாய் திறந்த வளையம். பிஸ்டனை அதன் தண்டோடு பிணைக்க நடுவில் ஒரு பின் செருகுவார்கள். அந்தப் பின் இப்படியும் அப்படியும் நகராமல் முனைக்கொரு கிளிப் காவல் நிற்கும். நான்கு பிஸ்டனுக்கு எட்டு கிளிப். ஏழு போட்டாகிவிட்டது. இது எட்டாவது.

இது இல்லாமல் எஞ்சினை மூடினால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் ஆகாது. வண்டி கிளம்பும், ஓடும். அந்தப் பின் மெல்ல நகர்ந்து வெளியே வந்து, சிலிண்டரின் உள்சுவரைச் சுரண்ட ஆரம்பிக்கும். ஒரு நாள், எங்கோ ஒரு மேட்டில், எல்லாம் ஒரே சமயத்தில் முடியும்.

தண்ணீர் கேட்காத வண்டி

இந்தத் தொடரின் முந்தைய வாரங்களைப் படித்தவர்களுக்கு அந்தக் கார் பழக்கமானது. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆமை முதுகு போல வளைந்த பழைய வெளிநாட்டுக் கார். எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றிலேயே குளிரும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் கால்நடை மருத்துவராக எனக்கு முதல் வேலை கிடைத்த வருஷம், மணவூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து பாவாவும் நானும் சேர்ந்து வாங்கினோம்.

பெட்ரோல் பங்க்கில் ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

“தண்ணி எங்கம்மா ஊத்துவீங்க?”

“ஊத்த வேணாம்ப்பா. காத்துதான்.”

“காத்து நின்னுபோச்சின்னா?”

இந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பை வரவழைத்ததே இல்லை. நான் பயந்த சுபாவம். கன்றுக்குட்டி வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாக இருமினால்கூடத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்புவேன். பாவா நேர் எதிர். “ஆவுற வேலையப் பாரும்மா” என்பார். அவருடைய கையை நம்பித்தான் நான் அந்த வண்டியை இத்தனை வருஷம் ஓட்டினேன். அறுந்த நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போடும் கை அது. வயலில் இருந்த டீசல் பம்ப்செட்டை அவரே பிரித்து அவரே பூட்டுவார்.

போன வெயில் காலத்துக்கு முன்னால் மலைக்கோயிலுக்குப் போனோம். அக்கா, பாவா, நான். மேலே போகும் சாலையில் கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் கார் இரைத்தது, திணறியது, நின்றது. பின்னால் கோயில் பஸ். நான் கை பிரேக்கை இழுத்தேன். அது பிடிக்கவில்லை. வண்டி பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. ஒரு முழம், இரண்டு முழம். பாவா குதித்து இறங்கி ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். அக்கா தேங்காய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸின் முகப்பு, பின் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

இறங்கி வந்ததும் எஞ்சினைத் திறந்து பார்த்தோம். நான்கு சிலிண்டரிலும் உள்சுவர் தேய்ந்து கோடு கோடாக இருந்தது. அதே அளவில் புதுசு எங்கும் அகப்படவில்லை. கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவர், தனக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து உபயோகிக்காமல் வைத்திருந்த சிலிண்டர், பிஸ்டன் செட் ஒன்றைத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் அது பெரிய அளவு. பழையதைவிட விட்டம் ஐந்து மில்லிமீட்டர் அதிகம்.

“பெருசுன்னா நல்லதுதானே, மலை ஏறும்” என்றார் பாவா.

பெரிய சிலிண்டர் உட்கார வேண்டுமென்றால் எஞ்சின் உடம்பில் இருக்கும் நான்கு வாயையும் கடைந்து அகலப்படுத்த வேண்டும். அரக்கோணத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். கடைகிறவர் அளவெடுத்து, மறுபடி அளவெடுத்து, “மேடம், வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. சொல்லிட்டேன், அவ்ளோதான்” என்றார். வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக உலோகம் உதிர்ந்தது. நான் வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் உடம்பு அவ்வளவு மெல்லியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கிடைத்துவிட்டது என்றார்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தேடினோம். மண்டி போட்டுத் தேடினோம். தறியின் இரும்புக் கால்களுக்கு நடுவில் டார்ச் அடித்தோம். பஞ்சுத் தூசியை உள்ளங்கையால் அள்ளிப் பிசைந்து பார்த்தோம். கூரை விளிம்பில் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து அவை தினமும் இறங்கி வரும்.

“அதான் எடுத்துக்கினு போயிருக்கும்” என்றார் பாவா. அதன் கை காலியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் என் ஃபோன் அடித்தது. ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து, கன்று ஈனும் பசு ஒன்று காலையிலிருந்து முக்குகிறது என்று. கொட்டகைக்குள் சிக்னல் நிற்காது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினேன். கால் தெரிகிறதா, எத்தனை கால், முன்னங்காலா பின்னங்காலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது பாவா, உள்ளே எதுவும் விழாமலிருக்க எஞ்சின் வாயில் அடைத்திருந்த துணியை உருவி எடுத்துவிட்டு, நான்காவது சிலிண்டரைப் பிஸ்டன் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

“கெடச்சிதா?”

“ஆங். கெடச்சிருச்சி. போட்டுட்டேன்.”

“எங்க இருந்துச்சி?”

“இங்கதான். அந்த ரிஞ்சு ஸ்பேனரை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். பசுவின் நினைவு வேறு. கன்று திரும்பி இருக்குமோ, அவர்கள் அவசரப்பட்டு இழுத்துவிடுவார்களோ. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கன்று நல்லபடியாகவே வந்தது. அந்த வாரம் மாலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினை மூடினோம். அடுத்த ஞாயிறு காருக்குள் தூக்கிப் பூட்டினோம். புது ஆயில் ஊற்றினோம்.

அன்று மாலை கொட்டகையை நான்தான் பெருக்கினேன். விற்றுவிட்ட தறியின் போல்ட் இருந்த குழி ஒன்று தரையில் இருந்தது. துடைப்பக் குச்சி அதில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். கூடவே பஞ்சும், அதற்குள் ஒரு கம்பி வளையமும் வந்தது.

நீலம் பாய்ந்த கருப்பு நிறம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. புதுசு.

காணாமல் போன பொருள் கிடைத்தால் மனசு ஆறவேண்டும். எனக்கு ஆறவில்லை. இது இங்கே இருக்கிறதென்றால், அவர் உள்ளே போட்டது என்ன? ஏதாவது போட்டாரா?

பாவா வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பசுவும் இரண்டு கம்பியும்

இருபது வருஷத்துக்கு மேலாக அவர் சொன்னதை நான் ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. “நீங்க பொய் சொன்னீங்களா” என்று எப்படி ஆரம்பிப்பது?

அந்த மூன்று நாளும் என் மனசில் ஓடியது காரல்ல, ஒரு பசு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. எங்கள் பக்கம் தறிக் குப்பையை ஓரமாகக் கொட்டுவார்கள். பஞ்சோடு கம்பித் துண்டும் கலந்திருக்கும். மாடு அதை மேய்ந்துவிடும். அப்படிக் கம்பி விழுங்கிய ஒரு பசுவுக்கு விலாவைத் திறந்து, தோள் வரைக்கும் கையை விட்டு, வயிற்றுக்குள் துழாவினேன். வெதுவெதுப்பான ஊறிய புல். விரல் நுனியில் ஒரு கூர்மை தட்டியது. இழுத்தேன். ஒரு கம்பி. தையல் போட்டு முடித்தேன்.

மாட்டுக்காரர் கேட்டார்: “அவ்ளோதானா மேடம்? வேற இல்லியே?”

“இல்ல” என்றேன். நான் மறுபடி துழாவியிருக்கவில்லை. கை மரத்துப் போயிருந்தது. இல்லை என்று நம்ப விரும்பினேன்.

பத்து நாளில் பசு செத்தது. நானே அறுத்துப் பார்த்தேன். இரண்டாவது கம்பி இருதயத்துப் பக்கமாக நகர்ந்திருந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். “கை நொழையிற எடத்துலதானேம்மா தேட முடியும்” என்றார் அவர். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரி மாடுகளுக்குக் கொடுக்கும் காந்தம் ஒன்றை எப்போதும் என் பையில் வைத்திருப்பேன். விரல் நீளத்தில் உருளையாக இருக்கும். மாட்டை விழுங்கச் செய்துவிட்டால் உள்ளே கிடக்கும் இரும்பையெல்லாம் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும்.

அந்த மூன்று நாளில் வேறொன்றும் கவனித்தேன். கவனிக்க வேண்டுமென்று உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பாவா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சட்டையை விட்டுவிட்டு பொத்தான் இல்லாத பனியன் மாதிரியான உடுப்புக்கு மாறியிருந்தார். தாடையில் பிளேடு கிழித்த தழும்புகள் இருந்தன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன, நூல் திரிப்பது போல. ‘தறிக்காரர் பழக்கம்’ என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்காகூட அதைக் கேலி செய்வாள்.

நான் மாட்டு வைத்தியர்தான். ஆனாலும் நடுக்கத்துக்கும் பழக்கத்துக்கும் வித்தியாசம் தெரியும். பழக்கம் கூப்பிட்டால் நிற்கும். நடுக்கம் நிற்காது.

எலுமிச்சம்பழத்துக்கு முன்னால்

புதன்கிழமை கிருத்திகை. அன்று காலை எஞ்சினைக் கிளப்பலாம் என்று பாவா நாள் குறித்திருந்தார். நான் அரை நாள் லீவு போட்டேன்.

அக்கா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரத் தட்டோடு காருக்கு முன்னால் நின்றாள். பாவா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் போட்டார். சாவி ஓட்டைக்குள் போவதற்குள் அதன் விளிம்பில் இரண்டு தடவை தட்டியது.

“காட்டட்டா?” என்றாள் அக்கா.

என் முந்தானை முடிச்சில் அந்தக் கிளிப். அவர் சாவியைத் திருப்பப் போகிறார். நான்கு பிஸ்டனும் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை ஓடப் போகின்றன.

“பாவா, இருங்க. பேட்டரி ஒயரு லூசா இருக்குது.”

அவர் என்னைப் பார்த்தார். பேட்டரி அந்த வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

“நேத்தே பாத்திருக்கலாமில்ல ரெண்டு பேரும்” என்று அக்கா முனகினாள். “கற்பூரம் வேஸ்ட்டா போவுது. நான் அடுப்பைப் பாக்கறேன். ஆனதும் கூப்பிடுங்க.”

அவள் உள்ளே போகும் வரை காத்திருந்தேன். முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

“இது இன்னா பாவா?”

“கிளிப்பு.”

“புதுசு.”

“ஆங்.”

“அப்ப உள்ள எதைப் போட்டீங்க?”

அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “கழட்டிப் போட்ட பழசுல ஒண்ணை எடுத்துப் போட்டேன்.”

“சரியா ஒக்காந்துச்சா? டிக்குன்னு கேட்டுச்சா?”

வெளியே சந்தில் ஒரு ஆட்டோ போனது.

“கேட்டுச்சின்னு நெனச்சிகினேன்” என்றார்.

“ஏன் என்னைக் கூப்பிடல?”

“நீ ஃபோன்ல பேசிகினு இருந்த.” பிறகு தலையை அசைத்தார். “இல்ல. நீ வர்றதுக்குள்ள போட்டுடணும்னு பாத்தேன். கை நிக்கல சுலோ.”

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

காந்தம்

எஞ்சினை மறுபடி இறக்கினோம். அக்காவிடம், ஒயர் இல்லை, ஆயில் கசிகிறது என்று இன்னொரு பொய் சொன்னேன். அந்த வண்டியில் எஞ்சினை இறக்குவது பெரிய காரியமில்லை. முக்கியமான போல்ட் நான்குதான். எலுமிச்சம்பழங்களை ஓரமாக எடுத்து வைத்தேன்.

மதியம் தாண்டி நான்காவது சிலிண்டரை உருவினேன். விரலால் பிஸ்டனின் ஓரத்தைத் தடவினேன். ஒரு பக்கம் கிளிப் இருந்தது. மறுபக்கம் கிளிப் உட்காரும் காடி வெறுமையாக இருந்தது. பழைய கிளிப்பும் இல்லை.

பாவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏத்தும்போது தட்டிவிட்டிருப்பேன். துணியையும் எடுத்துட்டேன். உள்ள வுழுந்திருக்கும்.”

பிஸ்டனில் கிளிப் இல்லாதது ஒரு ஆபத்து. எஞ்சின் வயிற்றுக்குள் அது எங்கோ கிடப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. அகப்படாவிட்டால் எஞ்சின் உடம்பையே இரண்டாகப் பிளக்க வேண்டும். கடைந்து மெல்லியதான உடம்பு. மறுபடி பிளந்து மூடினால் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

ஆயிலை ஒரு வேட்டித் துணியில் வடிகட்டினோம். இல்லை. அடியில் இருக்கும் சல்லடைத் தட்டைக் கழற்றினோம். இல்லை.

நான் போய் என் பையை எடுத்து வந்தேன். காந்தத்தைத் தையல் நூலில் கட்டினேன். சிலிண்டர் வாய் வழியாக உள்ளே இறக்கினேன். ‘டக்’ என்று ஒட்டியது. நெஞ்சு குதித்தது. இழுத்தால் வரவில்லை. உள்ளே இருக்கும் தண்டும் இரும்புதானே. அதில் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், இறக்கினேன், மறுபடி அங்கேயே. எட்டு தடவை, பத்து தடவை.

“பக்கத்துல ஒட்டாத மாதிரி எதையாச்சும் சுத்தேன்” என்றார் பாவா, உட்கார்ந்த இடத்திலிருந்து.

குளுக்கோஸ் ஏற்றும் குழாய் மெல்லிசு, பொருந்தவில்லை. கை கழுவும் இடத்திலிருந்த தோட்டத்து ரப்பர் குழாயை ஒரு துண்டு வெட்டினேன். அதற்குள் காந்தத்தைச் செருகி, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். இப்போது தண்டில் அது அவ்வளவாக ஒட்டவில்லை. பாவா எழுந்து வந்து எஞ்சினை மெல்லச் சாய்த்துப் பிடித்தார். அதற்கு அவர் கை போதும். கனமான வேலையில் நடுக்கம் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். மாட்டு வயிற்றில் தேடும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். பார்க்க ஒன்றும் இல்லாதபோது கண் திறந்திருந்தால் பயம்தான் அதிகமாகும். மூலை மூலையாகக் குழாயை நகர்த்தினேன். இடது மூலை. தண்டுக்குக் கீழே. அதற்கும் கீழே, ஆயில் தேங்கும் பள்ளம்.

குழாய் லேசாக அதிர்ந்தது. ‘டிக்.’

வெளியே எடுக்கும்போது ஓரத்தில் தட்டி விழுந்துவிடுமோ என்று, உயிருள்ள ஒன்றைத் தூக்குவது போலத் தூக்கினேன். பழுப்பேறிய பழைய கிளிப், ஆயில் சொட்டச் சொட்ட, காந்த நுனியில் நின்றது.

பாவா எஞ்சினை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல இருந்தேன்.

“வேற இல்லியே?” என்றேன். என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது.

“இல்ல. ஒண்ணுதான் போட்டேன். நைனா மேல சத்தியம்.”

ஆனாலும் நான் இன்னொரு முறை எல்லா மூலையும் துழாவினேன். பிறகு புதுக் கிளிப்பை நானே போட்டேன். காடியில் அது உட்காரும்போது ‘டிக்’ என்று தெளிவாகக் கேட்டது. “நீங்களும் பாருங்க” என்றேன். அவர் வலது கையை நீட்டினார். அது ஆடியது. அவர் அதை மறைக்கவில்லை. ஆடும் விரலாலேயே கிளிப்பைச் சுற்றித் தடவிப் பார்த்து, “ஒக்காந்துருச்சி” என்றார்.

“இது எப்பலருந்து?”

“மழைக்கு முன்னாடியே. எங்கண்ணனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது.”

அவருடைய அண்ணன் கடைசி நான்கு வருஷம் இந்த வீட்டில்தான் கிடந்தார். கை ஆட்டம், பிறகு நடை போனது, பிறகு விழுங்க முடியவில்லை. கல்யாணம் ஆகாத மனுஷர். கரண்டியில் கஞ்சி ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் அக்காதான்.

“அத்தனையும் பண்ணவ அவ” என்றார் பாவா. “அதே வேலைய மறுபடியும் அவ தலைல கட்டறதான்னு… நான் எப்டிச் சொல்றது, சொல்லு.”

நான் காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டேன்.

“எனக்கு மாடுதான் தெரியும் பாவா. வேலூர்ல நரம்பு டாக்டர்கிட்ட போலாம். அக்காவுக்கு நான் சொல்லட்டா?”

“வேணாம். நானே சொல்றேன். ஆனா எப்பன்னு கேக்காத.”

சோளிங்கர் தாண்டி

பதற்றத்தோடு படிப்பவர்களுக்காக ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு வந்ததுதான் பாவாவுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அண்ணனை யாரும் நேரத்தில் காட்டவில்லை. பாவா இன்று வரை மாத்திரை சாப்பிடுகிறார், நடக்கிறார், மீதமிருக்கும் இரண்டு தறியையும் பார்த்துக்கொள்கிறார். நாளைக்கு எப்படி இருக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கார் அடுத்த ஞாயிறு, சாவியை இரண்டாவது முறை திருப்பியதுமே கிளம்பியது. பழைய சத்தமில்லை. அடித்தொண்டைச் சத்தம், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டாமல் ஓட்ட வேண்டும். அதைச் சாக்காக வைத்து, அந்தப் புதன்கிழமை வேலூர் வரை போய்வரலாம் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டேன். டாக்டர் விஷயம் அவளுக்குத் தெரியாது.

நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்தால் அக்காவுக்கு வாந்தி வரும், அதனால் அவள் முன்னால். எஞ்சினைக் காதால் கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்று பாவா பின்சீட்டில். எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

என் காது ஒவ்வொரு தட்டலையும் எண்ணிக்கொண்டு வந்தது. சோளிங்கர் தாண்டியதும் பாவா பின்னாலிருந்து ஏதோ சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்றாள் அக்கா என்னிடம்.

“தெரியலக்கா.” எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னாங்க?” என்று அக்கா பாதி திரும்பினாள்.

அவர் மறுபடி சொன்னார். நான்கு பெரிய பிஸ்டனும் அதை விழுங்கிவிட்டன.

“இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஒரக்கச் சொல்லுங்க.”

மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சுவிடாத மனுஷர், அதை இப்போது கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

“எனக்குக் கை நடுங்குது தேவகி. அண்ணனுக்கு வந்ததுதான்னு நெனைக்கிறேன். டாக்டரப் பாக்கத்தான் போறோம்.”

அக்கா சாலையைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனோம்.

“வண்டிய நிறுத்து” என்றாள்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. சூடான உலோகம் ஆறும் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

“எத்தினி நாளா?” என்றாள், திரும்பாமலே.

“மழைக்கு முன்னாடிலருந்து.”

“இவளுக்குத் தெரியுமா?”

“இப்பத்தான், ஒரு வாரமா.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். பஸ் ஸ்டாப்பைத் தேடித்தான் நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்சீட்டை மடக்கித் தள்ளினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையைச் சேர்த்துப் பிடித்து, அந்தக் குறுகிய வழியில் உடம்பைத் திணித்துக்கொண்டு, பின்சீட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கையக் குடுங்க.”

அவர் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்து, புரட்டிப் பார்த்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“டாக்டரு எத்தினி மணிக்கி வரச் சொன்னாரு?”

“பதினோரு மணிக்கிக்கா” என்றேன்.

“அப்ப எடு வண்டிய. ஏன் ஒக்காந்துகினு இருக்க?”